அவர்கள் எதில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்? கற்கால மனிதரின் மட்கிப்போன பொருள்கள் பற்றி ஒரு கேள்வி

அருவி (இழையைத் தொடங்கியவர்)

என் மகளுக்குப் பதினோரு வயது. ஆதிமனிதர் பாடத்துக்காக ஒரு படம் வரைந்தாள். குகை வாசல், தீ, கையில் கூர்மையான கல்லோடு ஓர் ஆண், பக்கத்தில் கைக்குழந்தையோடு ஒரு பெண். வரைந்து முடித்த பிறகு வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அம்மா, ஆறு தூரத்தில் இருக்கிறதே, இவர்கள் எதில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்? பாப்பாவையும் தூக்கிக்கொண்டு கிழங்கு தோண்டினால், கிழங்கை எதில் போடுவார்கள்?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பழைய கற்காலம், புதிய கற்காலம், பிறகு செம்பு, இரும்பு என்று வரிசையாக மனப்பாடம் செய்தவள் நான். பை, கூடை, கயிறு, படுக்கை பற்றி ஒரு வரிகூடப் படித்த நினைவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். குழந்தைக்காகத்தானே கேட்கிறார் என்று சுருக்கிவிட வேண்டாம். எனக்கும் தெரிந்தாக வேண்டும்.

பழங்கல்

அருவி அம்மா, உங்கள் மகளின் கேள்வி இந்தத் துறையின் அடிமடியிலேயே கைவைக்கிறது.

முதலில் கற்காலம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் குவிந்து கிடந்த பழம்பொருள்களை எப்படி அடுக்குவது என்று கிறிஸ்டியன் தாம்சன் யோசித்தார். வெட்டும் கருவிகள் எந்தப் பொருளால் செய்யப்பட்டவை என்று பார்த்து, கல், வெண்கலம், இரும்பு என மூன்றாகப் பிரித்தார். 1836இல் அச்சான அருங்காட்சியகக் கையேட்டில் இந்தப் பகுப்பு வந்தது. 1865இல் ஜான் லபக் கற்காலத்தைப் பழையது, புதியது என இரண்டாக்கினார். அலமாரியில் பொருள்களை அடுக்க வந்த பெயர்கள், நாளடைவில் மனிதர்களின் பெயர்களாகிவிட்டன.

அலமாரியில் கல் மட்டும் ஏன் இருந்தது? மற்றவை மட்கிவிட்டன. கென்யாவின் லொமெக்வியில் கிடைத்த கருவிகளுக்கு 33 லட்சம் ஆண்டு வயது. கல் அவ்வளவு காலம் தாங்கும். தோல்பை சாதாரண மண்ணில் விரைவில் மட்கிவிடும். நாம் கற்காலம் என்று படிப்பது பெரும்பாலும் மிச்சங்களின் காலம்.

தண்ணீர்க் கேள்விக்கு நேரடியாகவே ஒரு பதில் உண்டு. தென்னாப்பிரிக்காவின் டீப்க்லூஃப் பாறைக்குடிலில் கோடுகள் கீறிய தீக்கோழி முட்டையோட்டுத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. வயது ஏறத்தாழ 60,000 ஆண்டுகள். ஒரு முட்டையோட்டில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் பிடிக்கும். சில துண்டுகளில் வேண்டுமென்றே போட்ட துளை இருக்கிறது. அந்தப் பகுதியின் வேட்டைச் சமூகங்கள் அண்மைக் காலம் வரை முட்டையோட்டைக் குடுவையாகப் பயன்படுத்தின. அவர்களும் இப்படித் துளையிட்டார்கள்.

நெடுவழி

மட்பாண்டம் வந்த பிறகுதானே தண்ணீர் சேமிக்க முடிந்தது? அதுவும் விவசாயத்துக்குப் பிறகு என்றுதான் படித்தேன்.

பழங்கல்

அந்த வரிசை உடைந்துவிட்டது நண்பரே. சீனாவின் சியான்ரென்தோங் குகையில் கிடைத்த மட்பாண்ட ஓடுகளுக்கு ஏறத்தாழ 20,000 ஆண்டு வயது. அந்த மக்கள் பயிரிடவில்லை. வேட்டையாடியும் சேகரித்தும் வாழ்ந்தவர்கள். ஓடுகளின் வெளிப்புறத்தில் கரி படிந்திருக்கிறது, அதனால் சமைத்திருக்கிறார்கள் என்று கருதுகிறார்கள்.

தராசு

எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது, வெளிப்படையாகவே சொல்கிறேன். "மற்றவை மட்கிவிட்டன" என்ற வாக்கியம் வசதியானது. எதை வேண்டுமானாலும் அதற்குள் போட்டுவிடலாம். கூடை இருந்தது, மட்கிவிட்டது. தொட்டில் இருந்தது, மட்கிவிட்டது. இல்லாத ஒன்றை இப்படிச் சொன்னால் யாரும் மறுக்க முடியாது. மறுக்க முடியாத கூற்றுக்கு ஆய்வில் மதிப்பில்லை.

உதாரணம் சொல்கிறேன். தொல்லியலாளர் ஹாலம் மோவியஸ் 1940களில் ஆசியாவின் குறுக்கே ஓர் எல்லைக்கோட்டை வரைந்தார். கோட்டுக்கு மேற்கே கைக்கோடரிகள் (இருபுறமும் செதுக்கிய, பிடி இல்லாத வெட்டுக்கல்) ஏராளம், கிழக்கே இல்லை என்றார். ஏன் இல்லை என்பதற்குப் பின்னால் வந்தவர்கள் "கிழக்கில் மூங்கில் இருந்தது, மூங்கிலில் கருவி செய்துகொண்டார்கள்" என்று விளக்கம் தந்தார்கள். அழகான விளக்கம். ஆனால் அந்தக் காலத்து மூங்கில் கத்தி ஒன்றுகூடக் கையில் இல்லை. 1978இல் கொரியாவின் ஜோங்கோக்னியிலும், பிறகு சீனாவின் போசே பள்ளத்தாக்கிலும் கைக்கோடரிகளே கிடைத்தன. விளக்கம் அழகாக இருந்தது என்பதற்காக எத்தனை பேர் அதை நம்பியிருப்பார்கள்!

கயிறும் கூடையும் இருந்தன என்று சொல்பவர்கள், எங்கே, எப்போது, எந்தத் தடயத்தில் என்று சொல்லட்டும். நான் ஏற்கத் தயாராகவே இருக்கிறேன்.

தறி

தராசு ஐயா கேட்டது நியாயம். நான் இருபது ஆண்டுகளுக்கு மேல் நெசவிலும் நார் வேலையிலும் இருப்பவள், தொல்லியல் படித்தவள் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி என்னை வெகுநாளாகவே தூங்கவிடவில்லை. தேடித் தேடிப் படித்ததைச் சொல்கிறேன்.

பிரான்சின் தென்கிழக்கில் அப்ரி டு மராஸ் என்ற இடம். நியாண்டர்தால் மனிதர், அதாவது நமக்கு நெருங்கிய, அழிந்துபோன மனித இனத்தவர், தங்கிய பாறைக்குடில். அங்கே ஒரு கல் செதிலின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு நார்த்துண்டைப் பற்றி 2020இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. நீளம் 6.2 மில்லிமீட்டர். அகலம் அரை மில்லிமீட்டர். வயது 41,000 முதல் 52,000 ஆண்டுகளுக்குள். ஊசியிலை மரத்தின் உட்பட்டை நார். நுண்நோக்கியில் பார்த்தபோது மூன்று புரிகள் (முறுக்கிய இழைகள்) தெரிந்தன. ஒவ்வொரு புரியும் ஒரு திசையில் முறுக்கப்பட்டிருக்கிறது. மூன்றையும் சேர்த்து எதிர்த்திசையில் முறுக்கியிருக்கிறார்கள்.

இதைப் படித்த அன்று நான் அழுதேன் என்றால் மிகை இல்லை. காற்றும் தண்ணீரும் நாரைச் சிக்கலாக்கும், உருட்டும், கிழிக்கும். ஆனால் எங்கும் முப்புரியாகத் திரிக்காது. அதற்குக் கை வேண்டும், கணக்கு வேண்டும், எந்தப் பருவத்தில் பட்டை உரிந்து வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். அந்த நாரைக் காத்துத் தந்தது அதே கல்தான்.

கயிறு கிடைக்காத இடத்திலும் கயிற்றின் தடம் கிடைக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிளாம்போஸ் குகையில் 75,000 ஆண்டுப் பழமையான சிப்பி மணிகள் கிடைத்தன. துளையின் ஓரம் எப்படித் தேய்ந்திருக்கிறது, ஒரு மணி அடுத்த மணியோடு எங்கே உரசியிருக்கிறது என்று பார்த்து, எந்த விதமாகக் கோத்தார்கள் என்றே சொல்கிறார்கள். காலப்போக்கில் கோக்கும் முறை மாறியது என்பதுகூட அந்தத் தேய்மானத்தில் தெரிகிறது. கோத்த நூல் போய்விட்டது. மணியில் நூலின் கையெழுத்து இருக்கிறது.

செக் நாட்டின் பாவ்லோவ், டோல்னி வெஸ்தோனிட்சே என்ற இடங்களில் சுட்ட களிமண் துண்டுகளில் பின்னலின் அச்சு பதிந்திருக்கிறது. 26,000 ஆண்டுகளுக்கு முந்தையவை. ஈரக் களிமண் மீது எப்படியோ துணி பட்டது, களிமண் தீயில் விழுந்து வெந்தது, துணி போய்விட்டது, அச்சு நின்றது. முடிச்சிட்ட வலையின் அச்சும் அவற்றில் உண்டு.

தராசு

தறி அம்மா, நன்றி. இது தடயம், ஏற்கிறேன். மணித் தேய்மானம் எனக்குப் புதிய செய்தி.

ஒரு வரம்பை மட்டும் சொல்லிவைக்கிறேன். 50,000 ஆண்டுக்கு முந்தைய ஒரு முறுக்கைக் கொண்டு, 5 லட்சம் ஆண்டுக்கு முன்பும் கயிறு திரித்தார்கள் என்று பின்னோக்கி நீட்டக் கூடாது.

தறி

ஒப்புக்கொள்கிறேன் ஐயா. அவ்வளவு பின்னால் போக என்னிடம் கயிறு இல்லை. மரம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன், பழங்கல் ஐயா சொல்லட்டும்.

பழங்கல்

மரம் இருக்கிறது. தண்ணீரில் மூழ்கி, காற்றுப் படாமல் கிடந்தால் மரம் அழுகாது. அப்படிக் கிடந்தவை மிகச் சில. ஆனால் ஒவ்வொன்றும் நம் கணக்கைப் புரட்டிப் போட்டது.

ஜெர்மனியின் ஷோனிங்கனில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் ஒன்று. 1990களின் நடுவில் ஹார்ட்முட் தீமே தலைமையில் நடந்த அகழாய்வில், பழங்கால ஏரிக்கரையில் குதிரை எலும்புகளுக்கு நடுவே மர ஈட்டிகள் கிடைத்தன. வயது 2 முதல் 3 லட்சம் ஆண்டுகள் எனக் கணிக்கப்படுகிறது. பெரும்பாலானவை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம், பல ஆளுயரத்தைத் தாண்டியவை. செய்தவர்களின் கவனத்தைப் பாருங்கள்: மரம் கெட்டியாக இருக்கும் அடிப்பக்கத்தில்தான் கூர்முனையைச் சீவியிருக்கிறார்கள். தண்டின் நடுவே ஓடும் மென்மையான பகுதி முனையில் வந்துவிடாதபடி முனையைச் சற்று ஒதுக்கியிருக்கிறார்கள். ஓர் ஈட்டி செய்ய ஒரு மரத்தை உள்ளும் புறமும் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு கற்கருவி எதிலும் பதியவில்லை.

இன்னும் பின்னால் போகிறேன். சாம்பியாவின் கலாம்போ அருவி. அங்கே ஈர மண்ணில் இரண்டு மரக்கட்டைகள், ஒன்றின் மேல் ஒன்று குறுக்காகப் பொருந்திக் கிடந்தன. மேல்கட்டையில் வெட்டுவாய் செதுக்கி, கீழ்க்கட்டையில் உட்காரும்படி செய்திருக்கிறார்கள். 2023இல் வெளியான ஆய்வு அதற்குத் தரும் வயது குறைந்தது 4,76,000 ஆண்டுகள். நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள், மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் கிடைத்தவை, ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள்தான். நாம் தோன்றுவதற்கு முன்பே யாரோ இரண்டு கட்டைகளை இணைத்து எதையோ கட்டியிருக்கிறார்கள். மேடையா, நடைபாதையா, குடிலின் அடித்தளமா, அந்த இரண்டு கட்டைகளிலிருந்து சொல்ல முடியாது.

நெடுவழி

அப்படியென்றால் ஒன்று புரியவில்லை. கைக்கோடரி பத்து லட்சம் ஆண்டுக்கு மேல் பெரிய மாற்றமில்லாமல் இருந்தது என்று படித்தேன். அத்தனை காலம் மூளை தேங்கி நின்றது என்று என் ஆசிரியர் ஒருவர் சொன்னார். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

பழங்கல்

ஏறத்தாழ 17 லட்சம் ஆண்டுக்கு முன்பு ஆப்பிரிக்காவில் தொடங்கிய வடிவம் அது. அதே மரபு தமிழ்நாட்டின் அத்திரம்பாக்கத்தில் 15 லட்சம் ஆண்டு அளவில் காணப்படுகிறது, ஐரோப்பாவிலும் உண்டு. மாறவே இல்லை என்பதும் சரியில்லை. பிந்தையவை மெல்லியவை, இருபக்கமும் ஒத்தவை; கல்லைப் புரிந்து தட்டியவை. இருந்தாலும் மெதுவான மாற்றம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அந்தக் கோடரி எதற்கு? ஒரு பகுதியாவது வேறு பொருளைச் செய்வதற்கு! லாரன்ஸ் கீலியும் நிக்கோலஸ் தோத்தும் கென்யாவின் கூபி ஃபோராவில் கிடைத்த 15 லட்சம் ஆண்டுப் பழமையான 56 கற்கருவிகளின் விளிம்புகளை நுண்நோக்கியில் பார்த்தார்கள். ஒன்பதில் பயன்பாட்டுத் தடம் தெரிந்தது. நான்கு இறைச்சி வெட்டியவை, மூன்று மரம் சீவியவை, இரண்டு புல் போன்ற மென்தாவரம் அறுத்தவை. அந்தக் காலத்திலேயே கல்லால் மரத்தைச் சீவியிருக்கிறார்கள். சீவிய மரம் என்ன ஆயிற்று? அதில் மாற்றம் நடந்ததா, நடக்கவில்லையா? கத்தியை மட்டும் பார்த்து அந்த வீட்டுச் சமையலை எடைபோட முடியுமா? தேங்கிப்போன மூளை என்று சொல்லும்போது, ஒரு கருவியின் தேக்கத்தை வாழ்க்கை முழுவதன் தேக்கமாக ஆக்கிவிடுகிறோம். இதைத்தான் நான் வன்மையாக எதிர்க்கிறேன்.

தராசு

நெடுவழி, பழங்கல் ஐயா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "தேங்கியது" என்பதற்கும் தடயம் போதாது, "தேங்கவில்லை" என்பதற்கும் போதாது. கலாம்போவின் இரண்டு கட்டைகள் நிச்சயம் எடையைக் கொஞ்சம் மாற்றுகின்றன. இதை மனமாரச் சொல்கிறேன். நான் இந்த இழைக்கு வந்தபோது இருந்த நிலையில் இப்போது இல்லை.

மரக்கலம்

படகை யாரும் சொல்லவில்லையே. கடல்மட்டம் மிகத் தாழ்ந்திருந்த காலத்திலும் ஆஸ்திரேலியா ஆசியாவோடு நிலத்தால் இணைந்ததில்லை. நடுவில் பல பத்துக் கிலோமீட்டர் ஆழ்கடல் இருந்தே வந்தது. குறைந்தது 50,000 ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரு குடும்பம் புயலில் அடித்துக்கொண்டு போனதால் ஒரு கண்டம் நிறையாது. ஆணும் பெண்ணுமாகப் பலர் போயிருக்க வேண்டும். அவர்கள் ஏறிப்போன மிதவையில் ஒரு சிராய்கூடக் கிடைக்கவில்லை. நமக்குக் கிடைத்த மிகப் பழைய படகு நெதர்லாந்தின் பெஸ்ஸேயில் 1955இல் சாலை போடும்போது வெளிப்பட்டது. அதற்கு ஏறத்தாழ 10,000 ஆண்டு. பயணத்துக்கும் படகுக்கும் நடுவே 40,000 ஆண்டு வெற்றிடம்.

தராசு அவர்களே, பொருள் கிடைக்காமலே பொருள் இருந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடிய இடம் இது. மிதவை இல்லாமல் அந்தக் கடலைக் கடக்க வழியில்லை. மிதவை என்றால் கட்டு. கட்டு என்றால் கயிறோ கொடியோ.

தராசு

இது வலுவான வாதம். மறுப்பில்லை.

அருவி

எல்லோருக்கும் நன்றி. இரவு பத்து மணிக்கு மேல் ஆகியும் மகளும் நானும் இதைப் படித்துக்கொண்டிருந்தோம். அவளுக்கு இன்னும் இரண்டு கேள்விகள். எதன் மேல் படுத்தார்கள்? எப்போதிலிருந்து உடை?

பழங்கல்

படுக்கைக்கு அருமையான சான்று உண்டு. தென்னாப்பிரிக்காவின் பார்டர் குகையில் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு புல்லைப் பரப்பிப் படுத்திருக்கிறார்கள், அதுவும் சாம்பல் அடுக்கின் மேல். சாம்பலில் ஊர்ந்து வரும் பூச்சிகள் அண்டாது. அதே நாட்டின் சிபுடு குகையில் 77,000 ஆண்டுப் பழமையான படுக்கையில், கோரைப்புல்லுக்கு மேல் பூச்சியை விரட்டும் ஒரு மரத்தின் இலைகளைப் பரப்பியிருந்தார்கள். படுக்கை பழையதானபோது அவ்வப்போது எரித்துவிட்டுப் புதிதாக விரித்திருக்கிறார்கள்.

இஸ்ரேலில் கலிலேயக் கடல் என்று பெயர் கொண்ட ஏரியின் ஓரம் ஓஹாலோ என்ற இடம் 1989இல் நீர்மட்டம் இறங்கியபோது வெளியே தெரிந்தது. 23,000 ஆண்டுகளுக்கு முந்தைய கிளைக்குடில்கள். தரையில் புல் படுக்கை, நடுவே தீ. காட்டு பார்லியையும் காட்டுக் கோதுமையையும் சேர்த்திருக்கிறார்கள், அரைக்கும் கல்லும் உண்டு. விவசாயம் தொடங்குவதற்குப் பல ஆயிரம் ஆண்டு முன்பு! தண்ணீர் மூடியிருக்காவிட்டால் அந்த இடத்தில் நமக்குச் சில கற்களே மிஞ்சியிருக்கும். "கற்கருவித் தளம்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருப்போம்.

தறி

உடைக்கு நான் சொல்கிறேன். இது எனக்கு மிகப் பிடித்த ஆய்வு. துணி கிடைக்கவில்லை, ஆனால் பேன் கிடைத்தது. தலைப்பேன் முடியில் வாழும். உடல்பேன் உடையின் மடிப்பில் வாழும், உடை இல்லாவிட்டால் அதற்கு வீடு இல்லை. அப்படியானால் இரண்டும் மரபணுவில் எப்போது பிரிந்தன என்று பார்த்தால், உடை எப்போது வழக்கமானது என்று தெரியும். 2011இல் வந்த ஆய்வு அந்தப் பிரிவு 83,000 ஆண்டுகளுக்கு முன்பே, ஒருவேளை 1,70,000 ஆண்டுகள் அளவுக்கு முன்பே நடந்தது என்கிறது. அது தோலாடையாக இருந்திருக்கும், தைத்த உடை அல்ல. காது வைத்த எலும்பு ஊசி சைபீரியாவில் ஏறத்தாழ 40,000 ஆண்டு அளவில்தான் வருகிறது.

அருவி அம்மா, ஒன்று சொல்லவா? படத்தில் ஆண் கையில் கல்லும் பெண் கையில் குழந்தையும் என்று பிரித்தது யார் என்றும் மகளிடம் கேளுங்கள். அந்த 6.2 மில்லிமீட்டரைத் திரித்தது ஆணா பெண்ணா என்று நாரில் எழுதியில்லை. பெண்கள்தான் என்று நானும் சொல்ல மாட்டேன், ஆசை இருந்தாலும்.

நெடுவழி

கடைசியாக ஒன்று. முப்பது வயதில் எல்லோரும் இறந்துவிடுவார்கள் என்கிறார்களே, இவ்வளவு நுணுக்கத்தை யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தார்கள்?

பழங்கல்

முப்பது என்பது சராசரி. குழந்தைகள் நிறைய இறந்தால் சராசரி கீழே இறங்கிவிடும். குழந்தைப் பருவத்தைத் தாண்டியவர்களில் கணிசமானோர் முதுமையைக் கண்டிருப்பார்கள் என்பதை இன்றைய வேட்டைச் சமூகங்களின் கணக்குகள் காட்டுகின்றன. ஜார்ஜியாவின் த்மானிசியில் 17.7 லட்சம் ஆண்டுப் பழமையான ஒரு மண்டையோடு: ஒரு பல் தவிர எல்லாப் பற்களும் விழுந்து, ஈறு எலும்பு கரைந்து மூடியிருக்கிறது. பல் போன பிறகும் அவர் பல ஆண்டு வாழ்ந்திருக்கிறார். ஈராக்கின் ஷானிதர் குகையில் ஒரு நியாண்டர்தால் ஆண்: வலக்கை சூம்பியது, ஒரு கண்ணில் பார்வை போயிருக்கலாம், காலும் அடிபட்டது. இத்தனையோடும் நாற்பது வயதைத் தொட்டவர். அவர்களால் வேட்டைக்குப் போயிருக்க முடியாது என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். உட்கார்ந்த இடத்தில் நார் உரிக்கவும், சிறுவர்களுக்குக் காட்டித் தரவும் பல் தேவையில்லை.

அருவி

மகள் காய்ந்த மரப்பட்டையிலிருந்து நாரை உரித்து முறுக்கிக்கொண்டிருக்கிறாள். கையை விட்டதும் அவிழ்ந்துவிடுகிறது. அந்த நியாண்டர்தால் கயிறு ஐம்பதாயிரம் ஆண்டு அவிழாமல் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். தறி அம்மா?

தறி

நாரை முதலில் தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லுங்கள். பிறகு நடுப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து, ஒரு கையை அசைக்காமல் மறு கையால் ஒரே திசையில் முறுக்கட்டும். முறுக்கு ஏற ஏற ஓரிடத்தில் அது தானாகவே மடிந்து கொக்கிபோல் நிற்கும். அந்த மடிப்பை இடது கையால் பிடித்துக்கொள்ளட்டும். இப்போது இரண்டு புரி இருக்கிறது. மேலே இருக்கும் புரியைத் தன்னிலிருந்து வெளியே நோக்கி முறுக்கி, மற்றதன் மேலாகத் தன் பக்கம் கொண்டுவர வேண்டும். அடுத்து மேலே வந்த புரிக்கும் அதேபோல். புரி ஒரு திசையில் அவிழப் பார்க்கும், கயிறு எதிர்த்திசையில் அவிழப் பார்க்கும்; ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். நார் தீரப்போகும் இடத்தில் புது நாரைச் செருகி அப்படியே போக வேண்டும். இரண்டு புரிகளும் ஒரே இடத்தில் தீரக் கூடாது, அங்கே அறுந்துவிடும்.

அருவி

வந்துவிட்டது! இருபது நிமிடத்தில் ஒரு சாண். இழுத்தால் அறவில்லை. மகள் அதை அளந்துவிட்டு ஒரு தாளில் பெருக்கிக்கொண்டிருக்கிறாள். பாவ்லோவில் களிமண்ணில் பதிந்ததே, அந்த வலைக்கு எத்தனை பேர் எத்தனை நாள் உட்கார்ந்து திரித்திருப்பார்கள் என்று தெரிய வேண்டுமாம்.